அறுப்புக்குச் சமைக்கப் போகிறவர்களுக்கு

ஊருக்குத் திரும்பி வந்து இந்தத் தையில் முதல் அறுவடை பார்க்கப் போகும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

சென்னையிலும் பெங்களூரிலும் பார்த்த வேலையை விட்டுவிட்டு அப்பாவின் நிலத்தைக் கையில் எடுத்தவர்கள் உங்களில் சிலர். கல்யாணமாகி காவிரி டெல்டாவுக்கு வந்தவர்கள் சிலர். அம்மாவோ மாமியாரோ முடியாமல் படுத்த பிறகு அடுப்பு உங்கள் பொறுப்புக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான் என்கிறவர்களும் உண்டு. மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே எங்கே பார்த்தாலும் யாராவது ஒருவர் என்னை நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: "அக்கா, அறுப்புக்கு இருபது பேர் வர்றாங்க, என்ன சமைக்கிறது?" சிலர் அளவோடு குறிப்பு எழுதித் தரச் சொல்கிறீர்கள். சிலர் கடைத்தெருவில் பரோட்டா பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதாதா என்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல எனக்கு மூச்சில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

என்ன சமைப்பது என்பதைக் கடைசியில் யோசியுங்கள். உங்கள் வயல் கையறுப்பா, மிஷின் அறுப்பா? எத்தனை மணிக்கு வேலை தொடங்கும், எத்தனை மணிக்கு ஓயும்? நெல் களத்துக்குப் போகிறதா, நேராக அரசுக் கொள்முதல் நிலையத்துக்கா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் சமையல் பாதி முடிந்தது. அறுப்புச் சமையலுக்கு மணி சொல்வது வயல். அடுப்படியில் நின்றுகொண்டே அதைத் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு நாள் விடியலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரப்பில் போய் நில்லுங்கள். தை மாதப் பனியில் தாள் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள்.

அந்தப் பனி கையறுப்புக்குத் துணை, மிஷினுக்குப் பகை. கையறுப்புக்காரர்கள் வெளிச்சம் வரும்போதே வயலில் இறங்கிவிடுவார்கள். தாள் ஈரமாக இருந்தால் கதிரிலிருந்து மணி உதிராது, வெயிலும் ஏறியிருக்காது. அரை வயிற்றுத் தேநீரோடு இறங்குகிறவர்களுக்கு எட்டரை, ஒன்பது மணிக்குப் பசி கண்ணை மறைக்கும். அவர்களுக்கு அன்றைய முதல் சாப்பாடு அதுதான், முக்கியமான சாப்பாடும் அதுதான். ஆகவே நீங்கள் எழ வேண்டிய நேரம் விடியற்காலை நாலு மணி. அல்லது முதல் நாள் இரவே பாதி வேலையை முடித்திருக்க வேண்டும். பழைய சோறு எதற்காக இத்தனை தலைமுறையாக இந்த மண்ணில் நிலைத்தது என்பது அப்போது புரியும்.

மிஷினோ பனி காயாமல் இறங்காது. ஈரத் தாள் உருளையில் சுற்றிக்கொள்ளும், நெல்லில் ஈரம் ஏறும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டையைத் தொடமாட்டார்கள். மழை கெடுத்த ஆண்டுகளில் அரசு கொஞ்சம் தளர்த்தும், அதை நம்பி அறுக்க முடியாது. ஆகவே ஒன்பதரை, பத்துக்குத்தான் வண்டி உறுமும். உறுமிய பிறகு நிற்காது. மணிக்கணக்கில் வாடகை, நிறுத்தினால் உங்களுக்கும் மனசு கேட்காது, அவர்களுக்கும் அடுத்த வயல்காரர் காத்திருப்பார். மதியச் சாப்பாடு மூன்று மணிக்குப் போகும், இரவுச் சாப்பாடு பத்துக்குப் போகும், சில நாள் விளக்கைப் போட்டுக்கொண்டு நடுராத்திரி வரை ஓடும். பன்னிரண்டரைக்கு இலை போட்டுக் காத்திருந்து, சோறு ஆறிவிட்டது, குழம்பு கெட்டுவிட்டது என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சமையலில் அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. கையறுப்புக்காரர்களின் மணியைப் பார்த்து மிஷின்காரர்களுக்குச் சமைத்திருந்தார்கள்.

மிஷின் வந்தால் ஆள் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டுநர், உதவியாள், டிராக்டர் ஓட்டுகிறவர், வண்டி திரும்ப முடியாத வயல் மூலைகளை முன்னாலேயே கையால் அறுத்துப் போடுகிற பெண்கள், களத்தில் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிக் காயவைப்பவர்கள், 40 கிலோ சிப்பமாகப் பிடித்துத் தூக்குகிறவர்கள் என்று கூட்டிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பேர் வந்துவிடும். மழையில் பயிர் சாய்ந்துவிட்டால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான். அதுவும் படுத்த பயிரை வாரி எடுக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். அன்று ஒரு வேளை சாப்பாடு கூடுதலாக வேண்டும் என்பதை முதல் நாளே எதிர்பாருங்கள். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி உயரமாக வளர்கிற பழைய ரகம் போட்டவர்களும், மாட்டுக்கு நீள வைக்கோல் வேண்டும் என்கிறவர்களும் இன்னும் கையறுப்புத்தான். உங்களில் இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் அந்தக் கணக்கில் வருவீர்கள்.

இப்போது அளவு. இதில்தான் நகரத்திலிருந்து வந்தவர்கள் தடுமாறுகிறீர்கள்.

வீட்டில் ஓர் ஆளுக்கு நூறு, நூற்றிருபது கிராம் அரிசி போட்டுப் பழகியிருப்பீர்கள். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி போதும் என்றும், கடும் உழைப்பாளிக்கு 3,470 வேண்டும் என்றும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் கணக்குச் சொன்னது. கடுமையாக உழைக்கும் பெண்ணுக்கு 2,720. நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி இருக்கிறது. நீங்களே பெருக்கிப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்குக் கால் கிலோ அரிசி என்று வைத்துக்கொண்டால் தப்பாது. இருபது பேருக்கு 5 கிலோ. இது பெருந்தீனி என்று யாராவது முகம் சுளித்தால் அவர்களை ஒரு நாள் கதிர் அரிவாளோடு குனியவிடுங்கள். இருபது பேர் என்று சொன்னால் இருபத்திரண்டுக்கு உலை வையுங்கள். டிராக்டர் பழுது பார்க்க வந்தவர், வரப்போரம் ஆடு மேய்க்கிறவர், மிஷின் எப்போது காலியாகும் என்று விசாரிக்க வந்த பக்கத்து வயல்காரர் என்று யாராவது இருவர் கணக்கில் வராமல் வந்து நிற்பார்கள். அறுப்பன்று வந்து நிற்கிறவரைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் இந்தப் பக்கம் இல்லை.

அரிசி புழுங்கலாக இருக்கட்டும். மோட்டா ரகமாக இருந்தால் இன்னும் நல்லது. சன்ன அரிசி விருந்துக்கு அழகு, வேலைக்குப் பசி தாங்காது என்று அறுப்புக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். சொந்த வயலில் அன்றைக்கு அறுத்த புது நெல்லைக் குத்திச் சமைத்துப் போட வேண்டும் என்று உங்களில் ஒருவர் ஆசைப்பட்டார். ஆசை நல்லதுதான், சாமிக்குப் பொங்கலாக வையுங்கள். புது அரிசி குழையும், கஞ்சி விடும், வயிறு முட்டச் சாப்பிட்டால் மந்தம் தட்டும். ஆட்களுக்குப் போன ஆண்டு நெல்லின் அரிசிதான் சரி.

வடித்த சோறுதான் இவ்வளவு பேருக்கு ஒத்துவரும். 5 கிலோ அரிசிக்கு இருபது, இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் கொதிக்க வேண்டும், அதற்கு 40 லிட்டர் பிடிக்கிற அண்டா வேண்டும். குக்கரில் நாலு தடவை வைத்து எடுக்கிறேன் என்று தொடங்கினால் கடைசிக் குக்கர் இறங்கும்போது முதல் குக்கர் சோறு கட்டி தட்டியிருக்கும். அண்டாவைச் சாய்த்து வடிக்கும் வீரமும் வேண்டாம்; கல்யாணச் சமையற்காரர்களே அப்படிச் செய்வதில்லை. முக்கால் பதத்தைத் தாண்டியதும் கண் கரண்டியால் அள்ளி, துணி விரித்த மூங்கில் கூடையில் கொட்டுங்கள். சோறு தன் சூட்டிலேயே மீதி வெந்துகொள்ளும். தண்ணீர் கொதிப்பதற்கு முன் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்பைத் திட்டக்கூடாது. விறகென்றால் சவுக்குக் கட்டையோ காய்ந்த கருவை முள்ளோ. பச்சை விறகு புகைந்தால் நாலு மணிக்கு எழுந்தும் பயன் இல்லை.

வடித்த கஞ்சியைக் கீழே ஊற்றினால் எனக்குக் கோபம் வரும். உப்புப் போட்டு, ஆறவைத்து, பதினோரு மணிக்கு வயலுக்கு அனுப்புங்கள். மோர் கலந்தால் இன்னும் நல்லது.

அரிசியைப் பெருக்குகிற மாதிரி மற்றதைப் பெருக்கக்கூடாது. நாலு பேர் குழம்புக்கு இவ்வளவு மிளகாய்த்தூள் என்றால் இருபது பேருக்கு அதைப்போல ஐந்து மடங்கு என்று போட்டால் வாயில் வைக்க முடியாது. தாளிக்கிற எண்ணெயும் கடுகும் அப்படித்தான். கணக்குப்படி வருவதில் மூன்றில் இரண்டு பங்கைப் போட்டு, கொதித்த பிறகு நாக்கில் வைத்துப் பார்த்துக் கூட்டுங்கள். இருபது பேர் சாம்பாருக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு, கால் கிலோ புளி, ஒரு கிலோ சின்ன வெங்காயம், காய் மூன்று நாலு கிலோ என்பது என் கைக்கணக்கு. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் அந்தப் பருவத்தில் மலிவு. உருளைக்கிழங்கைக் காட்டி ஏமாற்றாதீர்கள்.

கருவாட்டுக் குழம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறுப்புக்கு அதை மிஞ்சியது இல்லை. வேர்வையில் போன உப்பை அது திருப்பிக் கொடுக்கும், மூன்று மணி வரை கெடாமல் இருக்கும், புளி ஏற ஏற ருசி கூடும். நெத்திலியோ வாளையோ எதுவானாலும் வெந்நீரில் ஊறவைத்து மணல் போக மூன்று தண்ணீர் அலசுங்கள். குழம்பில் உப்பைத் தொடாதீர்கள். கருவாடு போட்டுக் கொதித்து இறக்கும் நேரத்தில் ருசி பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசனைக்குப் பயந்து மறந்துபோனது இது என்று தெரியும். இங்கே எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் புகார் சொல்ல மாட்டார், கிண்ணத்தோடு வந்து நிற்பார்.

இனிப் பழையது. மண்பானை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எவர்சில்வர் அண்டா போதும், அலுமினியம் வேண்டாம். இரவு வடித்த சோற்றை நன்றாக ஆறவிட்டு, மூழ்குகிற அளவுக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். சுடச்சுடத் தண்ணீர் ஊற்றினால் குழைந்து நாற்றம் எடுக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் அது தண்ணீர் ஊற்றிய சோறுதான், பழையது ஆகாது. குறுவை அறுப்பு நடக்கும் புரட்டாசிப் புழுக்கத்தில் விடிவதற்குள் புளித்துவிடும். அதனால் இரவு பிந்தித் தண்ணீர் ஊற்றுங்கள். தைப் பனியில் மெதுவாகத்தான் புளிக்கும். அதனால் ஏழு மணிக்கே ஊற்றி அடுப்பு மேடையின் வெதுவெதுப்பில் வைத்துவிடுங்கள். காலையில் தண்ணீரைத் தனியாக இறுத்து உப்புப் போட்டால் நீராகாரம். வேலைக்கு இறங்குமுன் ஆளுக்கு ஒரு சொம்பு. சோற்றைக் கையால் பிசைந்து மோர் விட்டு ஒன்பது மணிக்கு. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய், முதல் நாள் கருவாட்டுக் குழம்பு சுண்டவைத்தது. பிசைகிற கை கழுவிய கையாக இருக்க வேண்டும் என்பதை எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள்.

பத்துப் பதினைந்து ஆண்டாக நட்சத்திர விடுதிகளில் இதே பழைய சோற்றைச் சட்டியில் வைத்து விலை போட்டு விற்கிறார்கள். விற்கட்டும். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வந்து, அறுப்புக்காரர்களுக்குப் "பாரம்பரிய உணவு" பரிமாறுகிறோம் என்று படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். அவர்கள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பழையதை எல்லாரும் விரும்புவார்கள் என்றும் நினைக்காதீர்கள். இளம் வயதுக்காரர்கள் பலர் காலையில் இட்லி கேட்பார்கள். கேட்டால் இட்லி கொடுங்கள். வறுமையின் ஞாபகமாக அந்தச் சோற்றை வெறுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வெறுப்புக்குக் காரணமும் இருக்கிறது.

அதையும் பேசிவிடுகிறேன். நமது தாத்தாக்களின் காலத்தில் இந்த மாவட்டத்தில் பண்ணையாட்களுக்குக் கஞ்சி எப்படி ஊற்றப்பட்டது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். தூர நின்று, தனிப் பாத்திரத்தில், உயரத் தூக்கி ஊற்ற வாங்க வேண்டும். அளக்கிற மரக்காலிலேயே ஏமாற்று நடந்தது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் கூலி நெல் தகராறு ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசையோடு எரிக்கப்பட்ட 44 பேரின் சாவுக்குப் பின்னால் இருந்ததும் சங்கம் சேர்ந்து கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதில் மூண்ட பகைதான். அந்தப் பண்ணையாட்களின் வழிவந்தவர்கள்தான் இன்று உங்கள் களத்துக்கு வருகிறார்கள். நீங்கள் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற கரண்டிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

ஆகவே சில காரியங்களில் நான் கறாராக இருப்பேன், நீங்களும் இருங்கள். சாப்பாடு போடுகிறோம் என்று கூலியில் ஒரு ரூபாய் குறைக்கக்கூடாது. பேசிய கூலி பேசியபடி. எல்லாருக்கும் ஒரே தட்டு, ஒரே அண்டா, ஒரே வரிசை. நீங்களும் அங்கேயே உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடுங்கள். வீட்டுக்காரர்களுக்கென்று உள்ளே தனிக் குழம்பு கொதித்தால் அந்த வாசனை களம் வரைக்கும் போகும். அப்படியும் யாராவது ஒரு பாட்டி உங்கள் வீட்டுச் சோற்றைத் தொடாமல் தன் தூக்கில் கொண்டுவந்ததைச் சாப்பிட்டால் வருத்தப்படாதீர்கள், வற்புறுத்தாதீர்கள். அது அவர் உரிமை. மோர் மட்டும் வைத்துவிட்டு நகருங்கள்.

மிஷின்காரர்களிடம் இந்தப் பழைய கணக்கு இல்லை. அவர்கள் ஆத்தூர், சேலம், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், வாரக்கணக்கில் வண்டியோடு அலைகிறவர்கள். அமெரிக்காவில் டெக்சாஸில் கோதுமை வெட்ட ஆரம்பித்து வடக்கே கனடா எல்லை வரை அறுத்துக்கொண்டே போகிற குழுக்கள் சமையலுக்கென்று ஒரு வண்டியைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். இவர்களுக்கு அது கிடையாது. வயல்காரர் வீட்டுச் சாப்பாடுதான், இல்லாவிட்டால் கடைப் பொட்டலம். பரோட்டா பொட்டலத்தைப் பற்றி நான் சொல்ல வந்தது இதுதான்: நேற்றைய வயல்காரரும் அதைத்தான் கொடுத்தார், முந்தாநாளும் அதுதான். அந்த ஓட்டுநரின் வயிற்றைக் கேட்டால் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் தயிரும் கேட்கும். இரவு பத்து மணிக்கு, உடம்பெல்லாம் தூசியும் சுணையுமாக இறங்கி வருகிறவருக்கு முதலில் ஒரு வாளி வெந்நீரும் சவர்க்காரமும், பிறகு சுடு சோறும் ரசமும். பிரியாணி போட்டவர்களைவிட உங்களை அவர் ஞாபகம் வைத்திருப்பார். அடுத்த ஆண்டு மழை மிரட்டும்போது யார் வயலுக்கு வண்டி முதலில் வருகிறது என்று பாருங்கள். இதைச் சுயநலம் என்று சொன்னாலும் சரி.

மதியம் அவர்கள் வண்டியை நிறுத்தாமல் மாறி மாறிச் சாப்பிடுவதால் தட்டில் வழிகிற சாப்பாடு ஆகாது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, அவித்த முட்டை, கெட்டியான துவையல். சோற்றைக் கிளறி ஆறவிட்டுப் பிறகு மூடுங்கள். சூட்டோடு இறுக மூடினால் ஆவி வேர்த்துச் சொட்டி இரண்டு மணி நேரத்தில் பிசுபிசுக்கும். தேங்காய்ச் சட்னியை அறுப்பு முடியும் வரை மறந்துவிடுங்கள். தயிர்ச்சோற்றில் பாலைக் கூட்டித் தயிரைக் குறைத்தால் மூன்று மணிக்குப் புளிக்காமல் இருக்கும்.

வங்காளத்திலிருந்து வருகிற பையன்களை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நடவுக்கு வருகிறார்கள், இப்போது மூட்டை தூக்கவும் வருகிறார்கள். அவர்களுக்கு நம் சாம்பார் ஒரு வாரத்துக்கு மேல் செல்லாது. பெரும்பாலும் தாங்களே சமைத்துக்கொள்வார்கள். அரிசி, மசூர் பருப்பு, உருளைக்கிழங்கு, ஒரு புட்டி கடுகெண்ணெய், ஓர் அடுப்பு கொடுத்தால் போதும். வெந்த உருளைக்கிழங்கில் பச்சைக் கடுகெண்ணெயும் வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிசைந்து அவர்கள் சாப்பிடுவதை ஒரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று: நம் பழையதை அவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர்கள் ஊரில் அது பாந்தா பாத். அதை விசேஷமாகவே சாப்பிடுகிற நாளும் உண்டு. முஸ்லிம் பையன்கள் இருந்தால் நோன்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் ரம்ஜான் மாசி, பங்குனியை ஒட்டி வருகிறது, குறுவைக்குப் பின் நட்ட தாளடியின் அறுப்பும் அப்போதுதான். பகல் சாப்பாட்டைக் கட்டாயப்படுத்தாமல் விடியலுக்கு முன் சோறும், மாலையில் பேரீச்சம்பழமும் நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியும் கிடைக்க ஏற்பாடு செய்தால் அதைவிட ஒரு விருந்து இல்லை.

தண்ணீரைச் சோற்றுக்கு முன்னால் யோசியுங்கள். வெயிலில் குனிந்து உழைக்கிறவருக்கு மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை போக வேண்டும், அதுவும் சிறிது சிறிதாக. இருபது பேருக்கு அது எத்தனை குடம் என்று பார்த்துவிட்டு, சுமந்துகொண்டு போக ஓர் ஆளைத் தனியாக வையுங்கள். மருந்தடித்த காலி கேனைக் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை எங்கே பார்த்தாலும் கத்தியால் குத்தி ஓட்டை போட்டுவிடுங்கள். ஒரு விஷயம் ஆண்களுக்குத் தோன்றாது: பெண்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், ஒதுங்க இடம் இல்லாததால். அறுத்த வயலில் மறைவு ஏது? மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நாலு கீற்றுத் தட்டியைக் கட்டி ஒரு வாளியும் தண்ணீரும் வையுங்கள். அதன் பிறகு குடம் எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று பாருங்கள்.

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கடிதம் தங்கச்சிகளுக்கு மட்டும் என்று நினைத்துத் தள்ளிவிடப் போகிறீர்கள், எனக்குத் தெரியும். ஆயிரம் பேர் கல்யாணத்துக்கு அண்டா வைக்கிறவர்கள் இந்த ஜில்லா முழுக்க ஆண்கள்தான். நாற்பது லிட்டர் அண்டாவைத் தூக்கி இறக்க உங்கள் கை வேண்டும். வயலின் மணி தெரிந்தவரும் நீங்கள். வீட்டில் பெண் நாலு மணிக்கு எழுந்து இருபது பேருக்குப் பொங்கிப்போட, நீங்கள் எட்டு மணிக்குக் களத்தில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருப்பது உங்களுக்கே நன்றாக இல்லை. தனியாகச் சமாளிக்க முடியாவிட்டால் ஊரில் சமைக்கிற பெண் ஒருவரைக் கூலிக்கு அழையுங்கள், அறுப்புக்காரருக்குக் கொடுப்பதைவிடக் குறையாத கூலிக்கு.

கடைசி நாளுக்கு எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் கறிச்சோறு போடுவார்கள். அதைச் சாயங்காலம், கடைசிக் கட்டு களத்துக்கு வந்த பிறகு போடுங்கள். மதியமே போட்டுவிட்டு வரப்பில் படுத்துவிட்டார்கள் என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை. கறி சாப்பிடாதவர்கள் ஒருவர் இருவர் இருப்பார்கள், சனிக்கிழமைக்காரர்கள் இருப்பார்கள், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மிச்சமானதைத் தூக்கில் போட்டுக் கொடுக்கும்போது எல்லாருக்கும் கொடுங்கள்.

மார்கழி நடக்கிறது. நார்த்தங்காயை இந்த வாரமே சுருளாக நறுக்கி உப்பில் போட்டால்தான் தைக்கு ஊறும். மோர்மிளகாய் போட்டிருக்காவிட்டால் மன்னார்குடிக் கடைத்தெருவில் வாங்கிவிடுங்கள், பொங்கல் நெருங்கினால் விலை ஏறும். புளி பழைய புளியாக வாங்குங்கள். விறகைத் தாழ்வாரத்துக்கு ஏற்றுங்கள். மழை இன்னும் ஒரு தடவை வரும். வண்டிக்காரருக்கு முன்பணம் கொடுக்கும்போதே எத்தனை பேர், யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அண்டா இல்லாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், என்னிடம் இரண்டு இருக்கிறது. எங்கள் வயல் மாசி முதல் வாரம் அறுபடும். கையறுப்புத்தான், பதினெட்டுப் பேர். கூட நின்று கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள், சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதிலிருந்து வேலை இருக்கிறது.

அன்புடன்,
மன்னார்குடிப் பக்கத்து அக்கா ஒருத்தி